ஹட்டனில் நின்றுபோன யாழ்ப்பொறி

மேற்பிரிவு லயம்,
நோட்டன் பிரிட்ஜ்.
08.03.2026

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமாக எதையும் கூட்டமாட்டேன். உனக்காக எதையும் குறைக்கவும் மாட்டேன். போனில் நான் வாயைத் திறந்ததும் நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது மேசையிலேயே கிடக்கும். என்றைக்காவது எடுத்துப் படிப்பாய்.

வனசீவராசி அலுவலர் பண்டார ஐயா என்னை விசாரித்தபோது நீ வெளியே வேலியோரம் நின்றாய். அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு கண்டிக்குப் போய்விட்டாய். உன் பல்கலைக்கழக ஆய்வு அனுமதியை நிறுத்திவிட்டார்கள் என்று பிறகு அப்பா சொன்னார். நான் பண்டார ஐயாவிடம் என்ன சொன்னேன் என்று நீ கேட்கவே இல்லை. அதனால் அதை அப்படியே எழுதுகிறேன்.

நீ ஏன் வந்தாய் என்பதை முதலில் சொன்னேன். மண்சரிவுக்குப் பிறகு, நம் லயத்து வீடுகளுக்கு மேலே இருக்கிற பழைய தண்ணீர்ச் சுரங்கத்தைக் கல்லும் சீமெந்தும் வைத்து மூடப்போகிறார்கள். உள்ளே வௌவால் கூட்டம் ஒன்று வாழ்கிறது. அது என்ன இனம், எந்த நிலையில் இருக்கிறது என்று பிடித்துப் பார்த்து எழுதிக் கொடுத்தால், மூடாமல் கம்பிக் கதவு போட வைக்கலாம். அக்கா அவற்றைக் காப்பாற்றத்தான் வந்தாள் என்றேன். அவர் தலையாட்டினார்.

பிறகு எதை வைத்துப் பிடித்தீர்கள் என்று கேட்டார். நீ இரண்டு கருவிகளோடு வந்ததைச் சொன்னேன். ஒன்று கைப்பைக்குள் அடங்குகிற மெல்லிய கறுப்பு வலை. மற்றது யாழ்ப்பொறி. உயரமான அலுமினியச் சட்டம், மீன் தூண்டில் நரம்பு போல இரண்டு வரிசை நூல்கள், அடியில் ஒரு துணிப்பை. உன்னை அழைத்துவர நானும் ஹட்டனுக்கு வந்திருந்தேனே. கடைசி பஸ் கொண்டக்டர் சட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"என்ன தங்கச்சி இது, கட்டிலா?"

"இல்லண்ணே, வௌவால் புடிக்கிறது."

"மனுசனுக்கே ஒத்தக் கால்லதான் எடம். இதுல வௌவாலுக்குக் கட்டில் வேறயா? எறக்குமா, எறக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். நீ சட்டத்தைப் பக்கத்துப் பலசரக்குக் கடையில் வைத்துவிட்டு வந்து ஏறினாய். "வல போதும் நிரோ, ரெண்டும் ஒண்ணுதான்" என்றாய். அதையும் சொன்னேன். "இரண்டும் ஒன்று என்றா சொன்னாள்?" என்று ஐயா சிங்களத்தில் திருப்பிக் கேட்டார். ஆமாம் என்றேன்.

முதல் நாள் சாயங்காலம் ஓடைக்குக் குறுக்கே வலை கட்டினாய். ஒன்றுகூட விழவில்லை. இந்த லாடமூக்கு வௌவால்கள் மூக்கால் ஓசை எழுப்பி எதிரொலியைக் கேட்டுப் பறக்கும், இவ்வளவு மெல்லிய நூலையும் கண்டுபிடித்துவிடும் என்று நீதான் சொன்னாய். வலைக்கு முன்னால் வந்து ஒரு சாண் மேலே எழும்பிப் போயின. அதனால் மறுநாள் வலையைச் சுரங்க வாயிலேயே கட்டினாய்.

அந்த மறுநாளைத் தேர்ந்தெடுத்தது நான். காமன் கூத்து நடக்கிற நாள், கூத்துக்காரர்கள் வீடு வீடாக ஆடிவருவார்கள், சனமெல்லாம் அவர்கள் பின்னால் போய்விடும், சுரங்கத்துப் பக்கம் யாரும் வரமாட்டார்கள் என்று நான் சொன்னேன். நம் வீடு பூட்டியிருந்தால் தாண்டிப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். வேதக்காரர் வீடு, கிறிஸ்தவர்கள் என்று அவர்கள் ஒரு வருசமும் நம்மைத் தாண்டிப் போனதில்லை. அது எனக்கு ஏன் அன்றைக்கு ஞாபகம் வரவில்லை?

பூட்டைப் பார்த்துவிட்டு நின்றவர்களிடம் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு அத்தை, "புள்ளைங்க ரெண்டும் சுரங்கத்துகிட்ட நிக்குதுங்க" என்று சொல்லியிருக்கிறார். ரதி, மதன் வேடக்காரர்களும் தப்புப் பறை அடிப்பவர்களும் நம்மைத் தேடி வந்தார்கள். "இசபெல் புள்ள! கம்பஸ் போனா கூத்து மறந்துருமா?" என்று அழகன் அண்ணன் சுரங்க வாசலுக்கு நேரே நின்று தப்பை அடித்தார். நாம் வேண்டாம் என்று கையை ஆட்டினோம். அவர்கள் நாம் சந்தோசப்படுகிறோம் என்று இன்னும் பலமாக அடித்தார்கள்.

ஒவ்வொன்றாக வரவேண்டிய வௌவால்கள் சத்தத்தில் மிரண்டு மொத்தமாக வந்தன. வலை பை போலத் தொங்கிவிட்டது. வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டவள் நீ மட்டும் என்பதால் என்னைத் தொடவிடவில்லை. உனக்கு இரண்டு கை. கடைசியில் கத்தரிக்கோலால் வலையையே வெட்டினாய். அதற்குள் நெரிந்து இறந்தவற்றில் பாதிக்கு மேல் வயிற்றில் குட்டியோடு இருந்தவை. அழகன் அண்ணன் தப்பைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

இவ்வளவுதான் சொன்னேன். உண்மையைச் சொன்னால் மனம் இலேசாகும் என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். எனக்கு ஆகவில்லை.

இப்படிக்கு,
தங்கை நிரோமி


கண்டி
17.03.2026

நிரோமிக்கு,

கடிதம் கிடைத்தது. நீ எழுதியதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

வலையைப் பற்றிச் சொன்னாய், சரி. செத்தவற்றைப் பற்றிச் சொன்னாய், அதுவும் சரி. அவர் கேட்டால் நானே சொல்லியிருப்பேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று நான் யாரிடம் சொன்னேன்? பஸ் முழுக்கச் சிரிக்கும்போது, முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், தங்கச்சியிடம் சொன்னேன். அதை எடுத்து ஓர் அலுவலர் மேசையில் வைத்துவிட்டாய். இப்போது விசாரணைக் குழுவில் ஒவ்வொருவரும் அதையே கேட்கிறார்கள். "இரண்டும் ஒன்று என்று உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்?" என் பேராசிரியர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்.

நீ பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீ ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. வகுப்பில் எழுந்து நின்று பாடம் ஒப்பிப்பது போல இருந்தாய்.

இனி வௌவாலைப் பற்றி எழுதாதே. எழுதினால் அம்மாவைப் பற்றி எழுது.

இசபெல்


மேற்பிரிவு லயம்,
நோட்டன் பிரிட்ஜ்.
29.03.2026

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். அம்மா நன்றாக இருக்கிறார். மழை இல்லாததால் தேயிலைக் கொழுந்து குறைவு. உன் கடிதம் வந்த அன்று கொழுந்தெடுத்துவிட்டுத் திரும்பியதும் என்னை வாசிக்கச் சொன்னார். "அம்மாவைப் பற்றி எழுது" என்ற வரியை மட்டும் வாசித்தேன். "அவ்வளவுதானா?" என்றார். ஆமாம் என்றேன். நான் சொன்ன பொய்களில் அது ஒன்று. கணக்கில் வைத்துக்கொள்.

நான் உன் பக்கம் திரும்பாததற்குக் காரணம் இருக்கிறது. திரும்பியிருந்தால் "ரெண்டும் ஒண்ணுதான்" என்ற வரியை விழுங்கியிருப்பேன். அதை விழுங்கியது சரியா, சொன்னது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இனி எழுதப்போவதைக் கிழித்துவிடாதே. நீ வேண்டாம் என்று சொன்ன விசயம்தான்.

சுரங்கம் வெறுமையாக இருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் பார்க்கிறேன். தரையில் எச்சம் காய்ந்து பொடியாகிவிட்டது. அந்த நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோமே, இப்போது வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்க்கிறேன், வெறும் ஈரமண் வாசம்தான் வருகிறது.

வாசலுக்கு மேலே பெரிய விளக்கொன்றும் போட்டுவிட்டார்கள். அன்றைய கலவரத்துக்குப் பிறகு தோட்டத்துக் கிளாக்கர் கஜேந்திரன் ஐயா ஆள்விட்டுப் போட்டது. "பொம்பளப் புள்ளைங்க இருட்டுல நின்னு நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா தொரைக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். நம்மால் வந்த விளக்கு. அதில் கீழே தண்ணீர் பிடிக்கிற பீலி வரைக்கும் பகல் போல இருக்கிறது. பீலிக்கு வருகிற அத்தைமார் எல்லாருக்கும் சந்தோசம். எத்தனையோ காலமாகக் கேட்டும் கிடைக்காத விளக்கு அது.

நான் கிளாக்கர் ஐயாவிடம் கம்பிக் கதவைப் பற்றிக் கேட்டேன். "வௌவாலே இல்லாத ஓட்டைக்கு எதுக்கும்மா கதவு? சீமெந்துக்குச் சொல்லியாச்சு" என்றார். பண்டார ஐயா மே மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் வந்து பார்ப்பாராம். வௌவால் இருந்தால் கம்பி, இல்லாவிட்டால் சீமெந்து. அதோடு முடிந்தது.

விளக்கு இருந்தால் அவை திரும்பி வருமா? இதற்கு மட்டும் பதில் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

தங்கை நிரோமி


கண்டி
19.04.2026

நிரோ,

வராது.

இந்த ஒரு சொல்லை எழுதி மடித்து வைத்துவிட்டுப் பல நாள் அனுப்பாமல் இருந்தேன். நீ கேட்டதற்கு அது போதும். எனக்குத்தான் போதவில்லை.

விசாரணை முடிந்தது. இந்த வருசம் எனக்கு எந்த இடத்திலும் பிடிக்க அனுமதி இல்லை. அடுத்த வருசம் திரும்பக் கேட்கலாம். அவர்கள் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. கடைசியில் குழுவிலிருந்த ஒரு அம்மா மட்டும், "சுரங்க வாயில் வலை கட்டக்கூடாது என்று உனக்குத் தெரியாதா?" என்று மெதுவாகக் கேட்டார். தெரியும் என்றேன். முதல் வருசத்திலேயே படித்தது.

இரண்டும் ஒன்றல்ல நிரோ. யாழ்ப்பொறியில் மோதுகிற வௌவால் முதல் வரிசை நூலுக்குள் நுழையும், இரண்டாவது வரிசையில் தட்டுப்படும், சறுக்கிப் பைக்குள் விழும். அங்கே மற்றவற்றோடு ஒண்டிக்கொண்டு கிடக்கும். எத்தனை வந்தாலும் நாம் பதற வேண்டியதில்லை. வலை அப்படியில்லை. ஒவ்வொன்றையும் விரலால் சிக்கெடுக்க வேண்டும். தன் கை எத்தனையைச் சிக்கெடுக்குமோ அத்தனைக்கு மேல் வந்துவிடுகிற இடத்தில் ஒருத்தி வலை கட்டவே கூடாது. என்னிடம் இருந்தது இரண்டு கை. சுரங்கத்தில் இருந்தது ஒரு கூட்டம். தப்புச் சத்தம் வந்திராவிட்டாலும் அன்றைக்கு ஏதாவது ஆகியிருக்கும். நீ நாள் பார்த்துச் சொன்னதை நினைத்துக்கொண்டே இருக்காதே.

உன் கடிதத்தில் இல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். பஸ்ஸில் ஏற்றாவிட்டால் என்ன? அப்பா தொழிற்சாலை லொறியில் தினமும் ஹட்டனுக்கு வந்துபோகிறார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாள் சட்டம் லயத்தில் இருந்திருக்கும். நான் சொல்லவில்லை. முதல் நாளே கட்டிவிட வேண்டும் என்றிருந்தது எனக்கு. கொழுந்தெடுக்கிற ஜீவராணியின் மகள் என்னதான் படிக்கிறாள் என்று லயம் முழுக்கப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. முதல் நாள் வலையில் ஒன்றும் விழாதபோது அம்மாக்கண்ணு அத்தை, "என்னடி, மூணு வருசப் படிப்புக்கு ஒரு வௌவால்கூடவா சிக்கல?" என்று கேட்டாரே. விளையாட்டாகத்தான் கேட்டார். அதனால்தான் மறுநாள் வலையை வாசலுக்குக் கொண்டுபோனேன்.

யாழ்ப்பொறி இன்னும் அந்தக் கடையிலேயே இருக்கிறது. கண்டிக்குத் திரும்பும் வழியில் ஹட்டனைத் தாண்டியபோது பஸ்ஸிலிருந்து அந்தக் கடையைப் பார்த்தேன், இறங்கவில்லை. பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பண்டார ஐயா பயன்படுத்துவதென்றால் கொடுக்கலாம் என்றார். அப்பாவை எடுத்துவரச் சொல். நான் அவரிடம் போனில் கேட்டால் எனக்குக் குரல் வராது.

ஆனால் விளக்கு எரிகிற வரைக்கும் எந்தக் கருவியும் உதவாது. அந்த இனம் வெளிச்சத்தைக் கடந்து போகாது. இருட்டத் தொடங்கி முதல் ஒரு மணி நேரமாவது அணைந்திருக்க வேண்டும். அத்தைமாரிடம் அதை எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பாதையில் வழுக்கி விழுந்தவர்களை எனக்கும் தெரியும்.

அக்கா


மேற்பிரிவு லயம்,
நோட்டன் பிரிட்ஜ்.
05.05.2026

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா யாழ்ப்பொறியைக் கொண்டுவந்துவிட்டார். கடைக்காரர் அதில் பப்படப் பொதிகளைத் தொங்கவிட்டிருந்தாராம். இரண்டு நரம்பு அறுந்திருந்தது. அப்பா தூண்டில் நரம்பு வாங்கிவந்து, ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டி, விரலால் தட்டிப் பார்த்தார். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நரம்புகளைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தார்.

விளக்கைப் பற்றிக் கேட்கப் பீலிக்குப் போனேன். நடந்ததை எழுதுகிறேன்.

"அத்தை, அந்த லைட்ட பொழுது சாயிற நேரத்துல கொஞ்சம் அமத்தணும்."

"எதுக்குடி?"

"வௌவால் வரணும்."

அம்மாக்கண்ணு அத்தை வாளியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கையை வைத்தார். "கேட்டீங்களாடி? வௌவாலுக்குக் கண்ணு கூசுதாம். போன மாரியில நான் இந்தப் படியில விழுந்து இடுப்பு போயி கெடந்தப்ப எந்த வௌவாலு வந்து தூக்குச்சு?"

எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தர், "வௌவாலுக்கெல்லாம் நோட்டிஸ் போட்டுட்டியா நிரோ, லைட்ட அமத்தியாச்சு, குடும்பத்தோட வாங்கன்னு?" என்றார்.

அத்தை சொன்னது நியாயம். நான் புத்தகத்தில் படித்த எந்த வசனமும் அந்த இடுப்புக்கு முன்னால் நிற்கவில்லை. அழுதுவிடுவேன் என்று பயந்து திரும்பி நடந்தேன்.

அத்தை பின்னாலேயே வந்தார். மற்றவர்களுக்குக் கேட்காத தூரத்தில், "அன்னிக்குக் கூத்துக்காரங்கள அங்க அனுப்பிவிட்டது நாந்தான்னு அந்த ஐயாகிட்ட சொன்னியா?" என்று கேட்டார்.

"சொன்னேன் அத்தை."

"பேரு சொல்லியா?"

"ஆமா."

திட்டுவார் என்று நினைத்தேன். "புள்ளைங்க தனியா நிக்குதேன்னுதான் அனுப்புனேன். ஒங்க வீட்ட விட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்?" என்றார். பிறகு அவரே, "அதுங்க வயித்துல குட்டி இருந்துச்சாமே?" என்று கேட்டார்.

மறுநாள் பீலியில் அத்தையின் குரல்தான் பெரிதாகக் கேட்டது. "வெளிச்சம் இருக்கையிலேயே தண்ணியப் புடிங்கடி! பொழுது சாஞ்சா ஒரு மணி நேரத்துக்கு லைட்டு கெடையாது. எவளாச்சும் விழுந்தா இந்த நிரோ வந்து தூக்குவா." சுவிட்ச் அவர் வீட்டுக் காம்பராச் சுவரில்தான் இருக்கிறது. கிளாக்கர் ஐயா, "அம்மாக்கண்ணு சரின்னா எனக்கென்ன" என்று விட்டுவிட்டார்.

தினமும் அணைக்கிறோம். நான் படியில் டோர்ச்சோடு நிற்கிறேன், பிந்தி வருகிறவர்களின் வாளியைத் தூக்குகிறேன். பிறகு வானத்தைப் பார்க்கிறேன். இதுவரை ஒன்றும் வரவில்லை.

நீ வருவாயா?

தங்கை நிரோமி


கண்டி
14.05.2026

நிரோ,

நான் வரவில்லை. நான் அங்கே நின்றால் பண்டார ஐயாவுக்குச் சங்கடம். எனக்கும் அந்த வாசலைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. முதலாவது காரணத்தை மட்டும் அப்பாவிடம் சொல்.

பொறியை வாசலுக்குக் குறுக்கே வைக்க வேண்டாம் என்று ஐயாவிடம் சொல். ஒரு ஓரமாக வைக்கட்டும், பெரும்பகுதி திறந்திருக்கட்டும். விழுகிறது விழட்டும், போகிறது போகட்டும். பைக்குள் மழைத்தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள். பையைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். யாரும் பேசக்கூடாது.

அத்தையின் இடுப்பு இப்போது எப்படி இருக்கிறது?

அக்கா


மேற்பிரிவு லயம்,
நோட்டன் பிரிட்ஜ்.
28.05.2026

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பீலிப் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. அணைக்கிற நேரத்துக்குள் எழுதி முடிக்க வேண்டும்.

நேற்று பண்டார ஐயா வந்தார். தூறல் இருந்தது. அப்பாவும் அவரும் பொறியை நீ சொன்னபடி ஓரமாக நிறுத்தினார்கள். கிளாக்கர் ஐயா குடையோடு வந்து நின்றார். லயத்திலிருந்து நிறையப் பேர் வந்துவிட்டார்கள். போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒருவரும் பேசவில்லை. அழகன் அண்ணன் எல்லாருக்கும் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அம்மாக்கண்ணு அத்தை விளக்கை அணைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி வந்தார். இடுப்பு இன்னும் வலிக்கிறதாம். நீ கேட்டதைச் சொன்னேன். "கேட்டாளா?" என்றார்.

இருட்டியது. ஒன்றும் வரவில்லை. தவளைச் சத்தம் மட்டும்தான். கிளாக்கர் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். பழைய நாளில் இந்த நேரத்துக்கு வானம் முழுக்கப் புள்ளியாக இருக்கும் என்று ஐயாவிடம் சொல்ல நினைத்தேன். அதைச் சொன்னால் அவை எங்கே போயின என்பதையும் சொல்ல வேண்டும். அது அவருக்குத் தெரியும்.

பிறகு ஒரு நரம்பை விரலால் தட்டினால் வருகிற மாதிரி மெல்லிய ஓசை கேட்டது. அப்பா கட்டிய நரம்பாக இருக்குமோ என்று நினைத்தேன். ஐயா கையுறையைப் போட்டுக்கொண்டு பைக்குள் கைவிட்டார். ஒரே ஒரு வௌவால். லாடமூக்கு. பெண்.

சிவப்புத் தாள் சுற்றிய டோர்ச்சை நான்தான் பிடித்தேன். இறக்கையை விரித்தபோது மணிக்கட்டில் ஏதோ கறுப்பாகச் சுற்றியிருந்தது. ஐயா டோர்ச்சை இன்னும் கிட்டக் கொண்டுவரச் சொன்னார். நூல். உன் வலையின் நூல் அக்கா. நீ வெட்டிவிட்டவற்றில் ஒன்று. தோல் அதன் மேல் வளர்ந்து மூடத் தொடங்கியிருந்தது. "இது அன்றைக்குரியதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சின்னக் கத்தரியால் நூலை வெட்டி எடுத்தார். அது கடிக்கவில்லை, சத்தம் போடவில்லை. வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

அதன் மார்பைப் பார்த்துவிட்டு, இந்தக் காலத்தில் பெண்களெல்லாம் குட்டியோடு இருக்க வேண்டும், இதற்குக் குட்டியும் இல்லை, பாலும் இல்லை என்று சிங்களத்தில் சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அம்மாக்கண்ணு அத்தைக்குச் சிங்களம் புரியும். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஐயா கையை விரித்ததும் அது வெளியே பறக்கவில்லை. நேராகச் சுரங்கத்துக்குள் போனது. அப்படியென்றால் அங்கேதான் இருக்கிறது. நான் தினமும் வாசலில் நின்று பார்த்தபோதெல்லாம் அது உள்ளே எங்கோ தனியாகத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு வேறொன்றும் வரவில்லை. ஐயா கிளாக்கரிடம் கம்பிக் கதவு என்றார். "ஒண்ணே ஒண்ணுக்காகவா ஐயா?" என்று கிளாக்கர் கேட்டார். "ஒன்றுக்காகத்தான்" என்றார். சுரங்கத்தை மூடமாட்டார்கள். நீ எதற்காக வந்தாயோ அது நடந்துவிட்டது. ஆனால் லயத்தில் யாரும் சந்தோசமாகத் திரும்பிப் போகவில்லை. கோயிலில் பூசை முடிந்து போவது போலப் போனார்கள்.

ஐயா ஜீப்பில் ஏறும்போது, யாழ்ப்பொறியைத் திருப்பி எடுக்க அக்காவையே வரச் சொல் என்றார். பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள் என்றேன். ஹட்டன் வரைக்கும் தன் ஜீப்பில் ஏற்றலாம் என்றார். அப்பா அதைத் துடைத்து, நரம்பில் தூசி படியாமல் அம்மாவின் பழைய சேலையால் மூடி வைத்திருக்கிறார்.

அந்த நூலை இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்பலாமா என்று யோசித்தேன். அனுப்பவில்லை. அது என் பென்சில் பெட்டியில் இருக்கிறது. கண் இமை மயிர் அளவுதான். நீ கேட்டால் காட்டுவேன், கேட்காவிட்டால் காட்டமாட்டேன்.

அத்தை இன்னொரு முடிவும் எடுத்திருக்கிறார். ஐயா வந்துபோய்விட்டார், இனி விளக்கை அணைக்க வேண்டியதில்லை என்று நான்தான் சொல்லப் போனேன். "ஒத்தையில கெடக்கே அது. மத்ததுங்க எங்கயாச்சும் இருந்தா திரும்பி வரவேணாமா? வர்ற வரைக்கும் அமத்துவோம்" என்றார். எத்தனை நாளைக்கு அத்தை என்று கேட்டேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார்.

தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். கீழேயிருந்து அத்தை சத்தம் போடுகிறார். "ஏய் நிரோ, எழுதுனது போதும்! அக்காவ நேர்ல வந்து கேட்டுக்கச் சொல்லு! அமத்தப்போறேன்!" இன்னும் ஒரு வரி இருக்கிறது என்று சொன்னேன், கேட்கவில்லை

விளக்கை அணைத்துவிட்டார்கள்.